பிடரியில் தங்கிவிடும் அடி

வள்ளியாறு அரபிக் கடலில் வந்து சேரும் கரையில், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்கும் முட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது கடியப்பட்டணம். ஆனியும் ஆடியும் பிறந்துவிட்டால் இந்தக் கரையில் வள்ளத்தைக் கடலுக்குள் இறக்குவதும் திரும்பக் கரையேற்றுவதும் உயிரைப் பணயம் வைக்கிற வேலை. உடைகிற அலை வள்ளத்தின் முகத்தைத் தூக்கி அடிக்கும்போது, உள்ளே நிற்பவரின் தலை விளிம்பிலோ எஞ்சினிலோ மோதலாம். பைக்கில் போகும்போதும், பனையில் ஏறும்போதும், கடலோரத்து மைதானங்களில் பந்துக்குத் தலை கொடுக்கும்போதும் இதே அடி விழும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இரத்தக் கசிவு இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். பெரும்பாலோருக்கு அத்துடன் கதை முடிந்துவிடும். சிலருக்கு முடிவதில்லை. ஒரு மாதம் கழிந்த பிறகும் பிடரி இறுகிக் கிடக்கும், தலை கனக்கும், படுக்கையில் புரண்டால் கிறக்கம் வரும், வெயிலும் சத்தமும் பொறுக்காது. அப்படிப்பட்டவரிடம் ஒரு சாரார் ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்’ என்பார்கள். இன்னொரு சாரார் ‘வர்ம ஆசானிடம் போய்த் தடவிக்கொண்டு வா’ என்பார்கள். முதல் பேச்சு தவறு. இரண்டாவது பேச்சில் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கு எல்லைகளும் உண்டு. தலையில் விழும் அடியில் ஒரு பங்கு கழுத்தில் தங்கிவிடுகிறது என்பதும், அந்தப் பங்கைக் கையால் தணிக்க முடியும் என்பதும், எந்தக் கை எப்போது எப்படித் தொடுகிறது என்பதைப் பொறுத்தே அது நன்மையாகவோ ஆபத்தாகவோ முடிகிறது என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் மூளைக்குள் நடப்பதைப் பார்ப்போம். சுமார் 1.4 கிலோ எடையுள்ள மூளை, மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் கூழ் போன்ற உறுப்பு. தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ மண்டையோடு முந்திக்கொள்கிறது, மூளை பிந்துகிறது. அந்த இழுபறியில் நரம்பணுக்களின் நீண்ட இழைகள் இழுபடுகின்றன. பெரும்பாலும் அவை அறுவதில்லை. ஆனால் அவற்றின் சவ்வுகள் ஒழுகத் தொடங்குகின்றன: உள்ளிருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, வெளியிருக்க வேண்டிய கால்சியம் உள்ளே பாய்கிறது. கலைந்த சமநிலையைச் சரிசெய்ய ஒவ்வோர் அணுவும் தன் எரிசக்தியைக் கொட்டி இறைக்க வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் அங்கே இரத்த ஓட்டமோ குறைகிறது. தேவை கூடி வரவு குறையும் இந்த நிலையை அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கிசாவும் டேவிட் ஹோவ்டாவும் 2001-இல் விரிவாக எழுதினார்கள். எலிகளில் செய்த சோதனைகளில் மூளையின் சர்க்கரைப் பயன்பாடு முதலில் ஏறி, பிறகு 7 முதல் 10 நாள்வரை தாழ்ந்தே கிடந்தது. மூளை அதிர்வு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். சாதாரண ஸ்கேன் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் காட்டும், அணுக்களின் எரிசக்திக் கணக்கைக் காட்டாது. ஆகவே ஸ்கேன் சுத்தமாக இருப்பது உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்பதற்கான சான்று, உடம்பில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதற்கான சான்று அல்ல. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டு வாரத்திலும், பிள்ளைகள் நான்கு வாரத்திலும் தேறிவிடுகிறார்கள். மூளையின் அந்தக் கணக்கு தானே நேராகிவிடும் காலத்துக்கு அப்பாலும் தொந்தரவு தொடர்ந்தால், மூளைக்கு வெளியேயும் காரணம் தேட வேண்டும்.

தேட வேண்டிய முதல் இடம் தலைக்குக் கீழேயே இருக்கிறது. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலையை ஏழு சின்ன எலும்புகளும் அவற்றைச் சுற்றிய தசைகளும் தாங்குகின்றன. தலையை உலுக்கும் எந்த விசையும் இந்தத் தண்டின் வழியாகத்தான் உடம்புக்கு இறங்க முடியும். புவியீர்ப்பைப்போல நாலரை மடங்கு முடுக்கமே கழுத்துத் தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் சுளுக்கு உண்டாக்கப் போதும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மூளை அதிர்வுக்குச் சொல்லப்படும் அளவோ 60 மடங்குக்கு மேல். இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், அடி விழும் திசைக்கு ஏற்பவும் மாறும். ஆனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மிகப் பெரியது. மூளையை அதிரவைத்த அடி, கழுத்தைத் தொடாமல் போயிருக்க வழியில்லை. ஆனாலும் தலையில் காயம் என்று வந்தவரின் தலையை மட்டும் படமெடுத்துவிட்டு, எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் கழுத்தை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

கழுத்தில் பட்ட அடி தலையில் ஏன் வலிக்க வேண்டும்? கழுத்தின் மேல்பகுதியிலிருந்து வரும் முதல் மூன்று நரம்புகளும், நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் உணர்வைக் கொண்டுவரும் முக்கிளை நரம்பும் மூளைத்தண்டின் அடியில் ஒரே நரம்பணுக் கூட்டத்தில் வந்து முடிகின்றன. ஒரே முளையில் இரண்டு வள்ளங்களின் கயிற்றைக் கட்டியிருந்தால், முளை அசையும்போது எந்த வள்ளம் இழுத்தது என்று முளையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதுபோலப் பிடரி மூட்டிலிருந்து வரும் வலிச் செய்தியை மூளை நெற்றிவலியாகவும் கண்ணுக்குப் பின்னால் குத்தும் வலியாகவும் எடுத்துக்கொள்கிறது. கிறக்கத்துக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. மண்டையின் அடியில் பிடரியோடு ஒட்டியிருக்கும் நான்கு இணைச் சிறுதசைகள் வெறும் இழுகயிறுகள் அல்ல. தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று மூளைக்கு இடைவிடாமல் சொல்லும் உணர்கருவிகள் அவற்றில் அடர்ந்து கிடக்கின்றன. கண்ணும் உள்செவியும் கழுத்தும் ஆக மூன்று சாட்சிகளின் வாக்குமூலம் ஒத்துப்போனால்தான் நமக்கு நிலை தெரியும். இறுகி வலிக்கும் பிடரி தவறான சாட்சி சொன்னால், மற்ற இரண்டும் சரியாகச் சொன்னாலும் உலகம் ஆடுவதுபோல் தோன்றும். நடுக்கடலில் ஆடும் வள்ளத்தில் நின்று வலை இழுக்க வேண்டியவருக்கு இது சின்னத் தொந்தரவு அல்ல, உயிர்ப் பிரச்சினை.

இது வெறும் ஊகம் இல்லை. தலையடிக்குப் பின் தலைவலி நீங்காதவர்களின் மேல்கழுத்து மூட்டுகளில் கோளாறு இருப்பதை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜூலியா ட்ரெலீவனும் உடன் ஆய்வாளர்களும் 1994-இலேயே காட்டினார்கள். அது சிறிய ஆய்வுதான், ஆனாலும் வழி திறந்துவைத்தது. 2015-இல் மைக்கேல் எல்லிஸ், ஜான் லெட்டி, பாரி வில்லர் ஆகியோர் நீடிக்கும் தொந்தரவுகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள்: மூளையின் இரத்த ஓட்டமும் எரிசக்தியும் இன்னும் சீராகாதவை, கண்ணும் உள்செவியும் ஒத்துழைக்காதவை, கழுத்திலிருந்து எழுபவை. மிக வலுவான சான்று கனடாவின் கேல்கரியிலிருந்து வந்தது. கேத்ரின் ஷ்னைடர் குழுவினர், அடிக்குப் பிறகும் கிறக்கமும் கழுத்துவலியும் தலைவலியும் தீராத 12 முதல் 30 வயதுவரையுள்ள 31 பேரைச் சீட்டுக் குலுக்கலைப்போல இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் ஓய்வு, அசைவுப் பயிற்சி, படிப்படியாக உடல் வேலையைக் கூட்டுதல் ஆகியவை பொது. ஒரு பிரிவுக்கு மட்டும் கழுத்துக்குக் கைச்சிகிச்சையும், கழுத்துத் தசைகளுக்கும் உள்செவிக்குமான பயிற்சியும் சேர்த்துத் தரப்பட்டன. எட்டு வாரத்துக்குள் விளையாட்டுக்குத் திரும்பலாம் என்று மருத்துவர் அனுமதித்தவர்கள் அந்தப் பிரிவில் 15 பேருக்கு 11 பேர், மற்றதில் 14 பேருக்கு ஒருவர். 2014-இல் இந்த முடிவு வெளிவந்தது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மூளையதிர்வு மாநாட்டின் ஒருமித்த அறிக்கையும், பத்து நாளுக்கு மேல் கிறக்கமோ கழுத்துவலியோ தலைவலியோ நீடித்தால் கழுத்தையும் உள்செவியையும் சேர்த்துச் சிகிச்சை தரப் பரிந்துரைக்கிறது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். அந்தச் சோதனையில் கைச்சிகிச்சை தனியாகத் தரப்படவில்லையே, பயிற்சியும் சேர்ந்துதானே இருந்தது? தடவுவதால்தான் குணமானது என்று எப்படிச் சொல்வது? உண்மைதான், அப்படிச் சொல்ல முடியாது. கழுத்துவலிக்குத் தடவுதலை மட்டும் எடுத்துப் பார்த்த 15 சோதனைகளை 2012-இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு எடைபோட்டது. சான்றுகளின் தரம் தாழ்வானது, உறுதியாக எதையும் பரிந்துரைக்க இயலாது என்பதே அதன் முடிவு. அதற்குப் பிறகு 2014-இல் கேரன் ஷெர்மன் குழுவினர் நாள்பட்ட கழுத்துவலி உள்ள 228 பேரிடம், தடவும் நேரத்தையும் தடவைகளையும் மாற்றிமாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் தடவியவர்களுக்குப் பலன் தெரிந்தது. அரை மணி நேரம் தடவியவர்களுக்குக் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. அளவு கூடப் பலன் கூடுவது, ஏதோ உண்மையாக நடக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம். அவர்கள் தலையடி பட்டவர்கள் அல்ல, சாதாரணக் கழுத்துவலிக்காரர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். இரண்டு வாரத்தில் பெரும்பாலோர் தானாகவே தேறிவிடுவதால், அந்தச் சமயத்தில் யார் எதைச் செய்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். அடிபட்ட மூன்றாம் நாள் தடவி, பத்தாம் நாள் எழுந்து நடந்தவரின் கதை சான்றாகாது. ஒரு மாதம் கிடந்தும் மாறாத தொந்தரவு மாறியது என்றால்தான் அதை உற்றுக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் கை என்னதான் செய்கிறது? தசையில் விழுந்த முடிச்சை அவிழ்க்கிறது, ஒட்டிக்கொண்ட நாரைப் பிரிக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். விரல்களின் அழுத்தம் அப்படித் திசுவின் அமைப்பை மாற்றிவிடுகிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை. நரம்பு மண்டலத்தின் வழியாக நடப்பது என்றே இன்றைய அறிவியல் பெரும்பாலும் விளக்குகிறது. இதமான, சீரான அழுத்தம் தோலிலிருந்தும் தசையிலிருந்தும் மூளைக்கு ஏராளமான செய்திகளை அனுப்பி வலிச் செய்தியின் குரலை அடக்குகிறது. காவலுக்கு விறைத்து நின்ற தசை தளர்கிறது. அச்சம் குறைகிறது, தூக்கம் வருகிறது. இந்தத் தளர்ச்சி சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் நிற்கும். அந்த இடைவேளையைப் பயன்படுத்திக்கொள்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வலி தணிந்திருக்கும் நேரத்தில் கழுத்தை மெல்ல இரு பக்கமும் திருப்பிப் பழக வேண்டும். தாடையை லேசாக உள்ளிழுத்துக் கழுத்தின் முன்பக்க ஆழ்தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். நடக்க வேண்டும். பதின்வயதினர் 103 பேரிடம் லெட்டி குழுவினர் செய்த சோதனை 2019-இல் வெளிவந்தது. அதில் மெதுவான ஓட்டநடை போன்ற உடற்பயிற்சி செய்தவர்கள் 13 நாளிலும், வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்கள் 17 நாளிலும் தேறினார்கள். இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக்கிடக்கச் சொன்ன காலம் போய்விட்டது. முதல் ஒன்றிரண்டு நாள் அடக்கமாக இருந்துவிட்டு, தொந்தரவு அதிகம் கூடாத அளவுக்கு நடமாடுவதே இன்றைய வழி. தடவுதல் அந்த நடமாட்டத்துக்குக் கதவைத் திறந்துவிடும். உள்ளே நடந்து போக வேண்டியது அவரவர் கால்தான்.

கைச்சிகிச்சைக்குக் குமரி மாவட்டத்தில் ஆழமான மரபு உண்டு. அடிமுறை என்னும் போர்க்கலையும் வர்ம வைத்தியமும் ஒரே ஆசானிடம் கற்கப்பட்ட மண் இது. அடித்து வீழ்த்தும் புள்ளிகளை அறிந்தவரே, வீழ்ந்தவரை எழுப்பும் அடங்கல் முறைகளையும் அறிந்திருந்தார். உடம்பின் 108 வர்மங்களைப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று வகுத்த மரபு, தலையிலும் கழுத்திலும் உள்ளவற்றைத் தனிக் கவனத்தோடு எண்ணியிருக்கிறது. அடிபட்டவரிடம் தோன்றும் குறிகளையும், எத்தனை நாழிகைக்குள் அடங்கல் செய்ய வேண்டும் என்ற கெடுவையும் ஏடுகள் பேசுகின்றன. தலையடி என்பது காலத்தோடு போட்டிபோடும் விஷயம் என்ற அறிவு இதில் இருக்கிறது. ஜெர்மானிய மானிடவியலாளர் ரோமன் சீலர் இந்த மாவட்டத்து ஆசான்களிடம் தங்கிக் கற்று எழுதிய நூல் 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. இந்த அறிவு எவ்வளவு தூரம் ஏட்டைவிடக் கையில் வாழ்கிறது என்பதையும், எவ்வளவு மறைத்துக் காக்கப்படுகிறது என்பதையும் அதில் அவர் விரிவாக ஆராய்கிறார். தீங்கு செய்பவர் கையில் சிக்கக் கூடாது என்ற அக்கறையில் வந்த மறைப்பு அது. ஆனால் மறைத்த அறிவை யாரும் சோதிக்க முடியாது. எது தடவலின் பலன், எது காலத்தின் பலன் என்று பிரித்தறிய முடியாமல் போவதற்கு அதுவே காரணமாகிறது. வர்மப் புள்ளிகள் உயிர்ச்சக்தியின் இருப்பிடங்கள் என்ற விளக்கத்தை ஏற்கவும் மறுக்கவும் இங்கே அவசியமில்லை. பிடரியில் எண்ணெய் வைத்து நீவும் பழகிய கை, வலித்து இறுகிய தசைக்கு இதம் தருகிறதா என்ற கேள்வி அந்த விளக்கத்தைச் சாராமலே சோதிக்கத்தக்கது.

அந்த மரபின் சொற்களே நமக்கு ஓர் எல்லைக் கோட்டையும் போட்டுத் தருகின்றன. சித்த மருத்துவம் தொக்கணம் எனப்படும் தடவுமுறையை ஒன்பது வகையாகப் பிரிக்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். நான் வாதிடுவது இந்த ஒன்பதையும் கழுத்தில் செய்யலாம் என்றல்ல. தலையடிக்குப் பின்னான கழுத்துக்குப் பொருந்துபவை மெல்ல அழுத்தலும் பிடித்தலும் மட்டுமே. முறுக்கலும் சட்டென இழுத்தலும் தட்டலும் கூடவே கூடாது. காரணம் உடற்கூற்றில் இருக்கிறது. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு நாளங்கள் கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகளுக்குள் நுழைந்து ஏறி, மேலெலும்பைச் சுற்றி வளைந்து மண்டைக்குள் போகின்றன. கழுத்தைச் சட்டென்று முறுக்கினால் அந்த வளைவில் நாளத்தின் உட்சுவர் கிழியலாம், கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். முடிவெட்டி முடித்ததும் கழுத்தைப் பிடித்து நெட்டி முறித்துவிடும் பழக்கத்தால் இத்தகைய கேடுகள் நேர்ந்ததை மருத்துவ இதழ்கள் பதிந்திருக்கின்றன. தலையில் அடிபட்டவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அடித்த அதே விசை நாளத்தை ஏற்கெனவே கிழித்திருக்கலாம், பிடரிவலியும் தலைவலியுமே அந்தக் கிழிசலின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். எனவே இதுவரை காணாத கடும் கழுத்துவலி ஒரு பக்கமாகத் திடீரென்று வந்தால் தடவக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலைவலி நேரம் போகப்போகக் கூடுதல், மீண்டும் மீண்டும் வாந்தி, தூங்கி விழுதல், வலிப்பு, பேச்சுக் குளறல், கைகால் தளர்ச்சி, ஒரு கண்மணி மட்டும் விரிதல், மூக்கிலோ காதிலோ நீர் ஒழுகுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அப்படித்தான். 65 வயதைத் தாண்டியவர்கள், உயரத்திலிருந்து விழுந்தவர்கள், கைவிரல்களில் மரத்துப்போதல் உள்ளவர்கள், கழுத்தின் நடு எலும்பைத் தொட்டாலே வலிப்பவர்கள் கழுத்தைப் படமெடுக்காமல் யார் கையிலும் கொடுக்கக் கூடாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் சில வாரம் கழித்துக்கூட மண்டைக்குள் மெதுவாக இரத்தம் சேரலாம்.

இன்னொரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். நீடிக்கும் தொந்தரவுகளில் மனக்கவலைக்கும் தூக்கமின்மைக்கும் பங்கு இல்லையா? நிச்சயம் உண்டு. கடலுக்குப் போக முடியாமல் ஒரு மாதம் வீட்டிலிருக்கும் ஒருவரின் கடன் கணக்கும், மறுபடியும் அலையைக் கடக்க வேண்டும் என்ற அச்சமும் அவர் தோளையும் கழுத்தையும் இறுக்கத்தான் செய்யும். ஆனால் மனம் காரணம் என்றால் உடம்பு காரணமில்லை என்று ஆகாது. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் வலியைக் கூட்டுகிறது, இரண்டும் சேர்ந்து நம்பிக்கையைத் தின்கின்றன. இந்த வட்டத்தை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். கழுத்து கைக்கு எட்டும் இடம் என்பதால் அங்கே தொடங்குவது எளிது. அதற்காகக் கழுத்தோடு நின்றுவிடவும் கூடாது. உள்செவியில் கோளாறு என்றால் அதற்குத் தனிப்பயிற்சி உண்டு, பார்வை ஒருங்காவிட்டால் கண்ணுக்குத் தனிச் சிகிச்சை உண்டு. ஆறு முறை தடவியும் எந்த மாற்றமும் இல்லை என்றால் ஏழாவது முறைக்குப் பணம் கொடுப்பதைவிட வேறு காரணம் தேடுவதே நேர்மை. கிறக்கம் தீராதவர் வள்ளத்தில் ஏறவும் கூடாது. தேறாத மூளைக்கு விழும் இரண்டாவது அடி முதல் அடியைவிடக் கேடானது.

நாகர்கோவில் வட்டாரத்தில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஊர்தோறும் ஆசான்கள் இருக்கிறார்கள். பக்கத்து மாவட்டத்தில் 1964 முதல் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. ஸ்கேன் எடுக்கும் கண்ணும் பிடரி தடவும் கையும் இவ்வளவு அருகருகே இருக்கும் ஊர்கள் அதிகமில்லை. இவை ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளத் தொடங்க ஒரு சின்ன அளவுகோல் போதும். அதற்கு விலையுயர்ந்த கருவியும் தேவையில்லை. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் மிஷேல் ரெவெல் 1991-இல் ஒரு முறையை வெளியிட்டார். நோயாளியைச் சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, தலையில் ஒரு சிறு விளக்கைக் கட்டி, வெளிச்சம் விழும் புள்ளியைச் சுவரில் குறிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்பிவிட்டுப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெளிச்சம் முதல் புள்ளியிலிருந்து சுமார் 7 சென்டிமீட்டருக்கு மேல் விலகி விழுந்தால், கழுத்து சொல்லும் சாட்சியில் பிழை இருக்கிறது என்று பொருள். பலமுறை செய்து சராசரி பார்க்க வேண்டும். தடவத் தொடங்கும் முன் ஒருமுறை, நான்கு வாரம் கழித்து ஒருமுறை என இதைக் குறித்துவைக்கும் ஆசான் தன் இரகசியம் எதையும் வெளியே சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுவரில் இரண்டு புள்ளிகளும் நெருங்கி வந்தால், அவர் கை செய்த வேலையை ஆசாரிப்பள்ளத்து மருத்துவரும் படித்துக்கொள்ள முடியும். நெருங்கவில்லை என்றால், நோயாளியை அடுத்த கதவுக்கு அனுப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று ஆசானும் அதே சுவரில் படித்துக்கொள்ள முடியும்.